ஐப்பசிக் கட்டு

பாக்டரியில் நான் கூடாரம் தைக்கும் பிரிவில் இருந்தேன். பட்டாளத்துக்காரர்கள் பனிமலையில் படுக்கிற கூடாரம். மிஷின் ஊசி ஏறிய தழும்பு கட்டைவிரலில் இன்னும் இருக்கிறது. ஆனால் தைத்ததில் ஒன்றைக்கூட நான் கட்டிப் பார்த்ததில்லை. தைப்பது எங்கள் வேலை, கட்டுவது அவர்கள் பாடு. மடித்து, முத்திரை குத்தி, வண்டியில் ஏற்றிவிட்டால் முடிந்தது. பின்னாளில் என் வீட்டுக் கொல்லையிலேயே வருஷம் பூரா ஒரு தார்ப்பாயைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாகக் கிடப்பேன் என்று எவனாவது சொல்லியிருந்தால் அவன் வாயிலேயே ஒன்று போட்டிருப்பேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஆவடி மார்க்கெட்டுக்குப் பின்பக்கம் ஒரு பழைய தளம் போட்ட வீட்டில் ஒரு போர்ஷனில் குடியிருந்தோம். நான், என் மனைவி, எங்கள் பெண் குழந்தை. குழந்தை குப்புற விழப் பழகியிருந்தது, இன்னும் தவழ ஆரம்பிக்கவில்லை. ஐப்பசி மாதம், விடாத மழை. ஊறிப்போன மேல்தளத்திலிருந்து காரை பெயர்ந்து, பாயில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையின் மேல் விழுந்தது. பால் பொங்குகிறதே என்று இவள் அடுப்படிக்குப் போயிருந்தாள். நான் பாக்டரியில் இருந்தேன். இதற்கு மேல் அதை எழுத என்னால் ஆகாது.

குழந்தையைக் கல்லறைத் தோட்டத்தில் சுவரோரமாகப் புதைத்தோம். மழையில் மண் கரைந்துவிடுமே என்று பயந்து, பூந்தமல்லியில் இருந்த என் அண்ணன் தன் செலவில் கொத்தனாரைக் கூட்டிவந்து அந்தச் சின்ன மேட்டின் மேல் ஒரு சிமெண்டுப் பலகை போட்டுவிட்டார். நல்ல மனசோடுதான் செய்தார். முப்பதாம் நாள் பூசை முடிந்து இவளைக் கூட்டிக்கொண்டு போனேன். பலகையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். அண்ணன் மெழுகுவர்த்தி வாங்கப் போயிருந்தார், அதனால் அவர் காதில் விழவில்லை.

"இங்கயும் போட்டீங்களா?" என்றாள். "அது மேல இங்கயும் போட்டீங்களாய்யா?"

அதற்குப் பிறகு அவள் கல்லறைத் தோட்டத்துக்கு வரவே இல்லை. நான் அந்தப் பேச்சை அண்ணனிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

குழந்தை போன அன்று வீட்டை விட்டு வெளியே வந்தவள் திரும்ப ஒரு கூரைக்குக் கீழே படுக்க மறுத்துவிட்டாள். வீடு மாற்றிப் பார்க்கலாம் என்று பருத்திப்பட்டில் ஏரிக்குப் பக்கமாக ஒரு வீடு பிடித்தேன். புது வீடு, சுண்ணாம்பு வாசனை போகாத தளம். சவுக்குக் கம்பால் மேலே மூலைக்கு மூலை தட்டிக் காட்டினேன். கல் மாதிரி இருக்கிறது பார் என்றேன். "அதுவும் அப்பிடித்தான் இர்ந்துச்சு" என்று சொல்லிவிட்டுக் கொல்லைக்குப் போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டாள். உள்ளே ஏதாவது எடுக்க வேண்டுமென்றால் ஒரு கையைத் தலைமேல் வைத்துக்கொண்டு ஓடிப்போய் எடுத்துக்கொண்டு ஓடிவருவாள். கோயிலிலும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வருவாள், ஆனால் வெளியே மரத்தடியில் நிற்பாள். பாதர் நல்ல மனுஷர், கேள்வி எதுவும் கேட்காமல் நற்கருணையை வெளியே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார்.

முன் போர்ஷனில் இருந்த வீட்டுக்காரம்மாவுக்கு வாய் நீளம். "ஊட்ட வாடகைக்கு எட்த்துகினு வெளிய குட்த்தனம் பண்ற ஆளுங்கள இப்பதாம்பா பாக்கறேன்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்வாள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? நான் பூந்தமல்லி ரோட்டில் லாரி ஷெட்டுகளுக்குப் போய் ஒரு பழைய தார்ப்பாயை வாங்கி, சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தேன். நல்ல கெட்டித் துணி. மெழுகு மட்டும் அங்கங்கே தேய்ந்திருந்தது.

பெரிய கூடாரத் தையற்காரன் கட்டிய முதல் கட்டைச் சொல்ல வேண்டும். வேப்பமரத்துக்கும் மூன்று கம்புகளுக்கும் நடுவில் கட்டில் விரிப்பு மாதிரி சமதளமாக இழுத்துக் கட்டி, கீழே அவளுக்குக் கயிற்றுக் கட்டில் போட்டுவிட்டு, இடுப்பில் கை வைத்து நின்றேன். சாயங்காலம் ஒரு மழை பிடித்தது. தண்ணீர் வழிய வழியில்லை. நடுவில் தேங்கித் தேங்கி, துணி எருமை வயிறு மாதிரி தொங்கியது. நான் கம்பை வைத்துத் தூக்கப் போன நேரத்தில் முடிச்சு அவிழ்ந்து மொத்தமும் எங்கள் இரண்டு பேர் தலைமேலும் விழுந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. போச்சு, இனி இதற்குக் கீழேயும் வரமாட்டாள் என்று நினைத்துத் துணியை விலக்கினேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். தலை, புடவை எல்லாம் சொட்டச் சொட்டச் சிரித்தாள். குழந்தை போன பிறகு அவள் சிரித்து நான் அப்போதுதான் பார்த்தேன்.

"வுழுந்தா துணிதானேய்யா வுழுது" என்றாள்.

அதிலிருந்து அது ஒரு வழக்கமாகிவிட்டது. படுத்ததும் கையைத் தூக்கி மேலே துணியைத் தொட்டுப் பார்ப்பாள். "துணிதானே?" என்பாள். "துணிதாம்மே, தூங்கு" என்பேன் நான். மெழுகு தேய்ந்த பழைய துணி மழையில் ஊறி நிற்கும்போது உள்பக்கம் விரல் பட்டால் பட்ட இடத்தில் ஒழுக ஆரம்பிக்கும். பாக்டரியில் முதல் வாரமே சொல்லிக் கொடுப்பார்கள். எத்தனை தடவை சொல்லியும் அவள் கேட்கவில்லை. சரியாக அவள் தலையணைக்கு மேலே ஒரு ஒழுக்கு, அதற்குக் கீழே ஒரு தகர டப்பா, ஒவ்வொரு மழைக்கும் டிங் டிங் என்று சத்தம். நான் கத்துவேன். "தொடாதேன்னு சொன்னேனா இல்லியா?" சரி சரி என்பாள். மறுபடியும் தொடுவாள்.

கட்டுவதை நானே பட்டுப் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். கத்திரி வெயிலில் தார்ப்பாயைத் தாழ்வாகக் கட்டினால் அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். ஏணி போட்டு மரத்தில் எட்டும் உயரத்துக்கு ஏற்றி, நாலு பக்கமும் திறந்துவிட்டு, அதற்கு ஒரு முழம் கீழே அவளுடைய பழைய புடவைகளைக் குறுக்கே கட்டினேன். மேல்துணியின் சூடு நடுவிலேயே காற்றோடு போய்விட்டது. பொழுது சாய்ந்ததும் தார்ப்பாயைச் சுருட்டி மரத்தோடு ஒதுக்கிவிடுவேன். கீழே தண்ணீர் தெளிப்பாள், மண் வாசனை வரும். அந்த இரண்டு மாதமும் நானும் வெளியேதான் படுத்தேன். வீட்டுக்காரம்மாகூடப் பொறாமையில் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்துவிடுவாள்.

ஆடியில் அதே கட்டை விட்டுவைத்தேன். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது தார்ப்பாய் எம்மாத்திரம்? ஒரே இழுப்பில் கயிறு கோர்க்கும் கண் இரண்டு கிழிந்து, துணி போய் அடுத்த தெரு முருங்கை மரத்தில் உட்கார்ந்துகொண்டது. அதற்கப்புறம் ஏரிப்பக்கம், அதாவது மேற்குப் பக்கம், துணியைத் தரையோடு இறக்கி மணல் மூட்டை வைத்தேன். கயிற்றையும் விறைப்பாக இழுக்காமல் கொஞ்சம் விட்டுக் கட்டினேன். காற்றோடு மல்லுக்கு நின்றால் கிழியும், கூடவே ஆடினால் பிழைக்கும்.

ஐப்பசியில் எல்லாமே தலைகீழ். மழை வடகிழக்கிலிருந்து அடிக்கும். மேற்கே இறக்கிய பக்கத்தைத் தூக்கிவிட்டு, எதிர்ப்பக்கத்தை இறக்க வேண்டும். மரத்துக்கும் ஒரு உயரக் கம்புக்கும் நடுவே மோட்டுக் கயிறு கட்டி, துணியை அதன் மேல் போட்டு, இரண்டு பக்கமும் செங்குத்தாகச் சரித்து, சுற்றிலும் வாய்க்கால் வெட்டி, கட்டில் கால்களுக்குச் செங்கல் வைத்துத் தூக்கினேன். நூல் கயிறு நனைந்தால் சுருங்கும் என்பதால் மழைக்கு முன்னால் தளர்த்துவேன், வெயில் வந்ததும் இழுப்பேன். மார்கழியில் அதையே இடுப்புயரத்துக்குத் தாழ்த்தி, மூன்று பக்கமும் மூடி, கிழக்கே மட்டும் காலை வெயிலுக்காக வாயை விட்டு, பாய்க்குக் கீழே வைக்கோல் பரப்பினேன். பனி நாளில் மூச்சே துணியில் ஈரமாகப் படியும். அதனால் உச்சியில் ஒரு கையகல இடைவெளி வேண்டும். கத்திரிக் கட்டு, ஆடிக் கட்டு, ஐப்பசிக் கட்டு, மார்கழிக் கட்டு என்று நானே பேர் வைத்துக்கொண்டேன்.

இத்தனையும் செய்தேன், ஆனால் என் மனசில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அவள் வீட்டுக்குள் வர வேண்டும். பூசையில் நான் வேறு எதுவும் கேட்டதில்லை. மழைக்காலத்தில் தார்ப்பாய்க்குக் கீழே ஒரு கட்டிலுக்குத்தான் இடம் இருக்கும். ஷிப்ட் முடிந்து வந்து நான் உள்ளே தனியாகப் படுப்பேன். அவள் வாசற்படிவரை வந்து என் தலைக்கு மேலே தளத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். "நெலைக்குக் கீய கட்டில இய்த்துப் போட்டுக்கய்யா" என்பாள். வாசல் நிலைக்குக் கீழே போட்டால் கதவு சாத்த முடியாது. ஆனாலும் போட்டுக்கொண்டேன். புருஷன் பாதி உள்ளே பாதி வெளியே, பெண்சாதி கொல்லையில். வேறு பிள்ளையும் பிறக்கவில்லை. சில நாள் எனக்கு அப்படிக் கோபம் வரும். இவள் துக்கத்துக்கு மட்டும்தான் தார்ப்பாய், எனக்கு என்ன இருக்கிறது என்று தோன்றும்.

வீட்டுக்காரம்மா ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "நீ இப்டிக் கட்டிக் கட்டிக் குட்த்தா அது எப்டிப்பா உள்ள வரும்? ஒரு மழைக்கு மோட்டுக் கயித்த லூசா வுடு. தொப்பலா நனைஞ்சா தானா ஓடியாரும்." அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நானும் யோசிக்காமல் இல்லை. கார்த்திகை வானம் கறுத்து வந்த ஒரு நாள் முடிச்சில் கைகூட வைத்தேன். உள்ளே அவள் துணியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் அழுந்தின இடம் வெளியே எனக்குத் தெரிந்தது. முடிச்சை இன்னொரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த வருஷ மழையில் எனக்கு மலேரியாக் காய்ச்சல் வந்தது. தூக்கித் தூக்கிப் போட்டது. காற்றே படக்கூடாது, கதவைச் சாத்திப் படுக்க வையுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணன் வந்து கட்டிலை நிலையிலிருந்து இழுத்து அறைக்கு நடுவே போட்டார். அவர் மாத்திரை வாங்கப் போயிருந்த மத்தியான நேரம், வெளியே அடைமழை. நான் கண்ணை மூடிக் கிடந்தேன். கட்டில் அசைந்தது. ஈரப் புடவை வாசனை வந்தது. உள்ளே வந்துவிட்டாள் என்று தெரிந்ததும் காய்ச்சலிலும் எனக்குச் சந்தோஷம் பொங்கியது. ஆண்டவரே, கேட்டுவிட்டீர் என்று நினைத்தேன்.

கண்ணைத் திறந்தேன். அவள் என் பக்கத்தில் உட்காரவில்லை. கட்டிலின் இரண்டு பக்கச் சட்டத்திலும் கைகளை ஊன்றி, முழங்காலை என் இரண்டு பக்கமும் வைத்து, எனக்கு மேலே கூரை மாதிரிக் கவிழ்ந்து நின்றாள். முதுகு தளத்தைப் பார்த்து இருந்தது. கண்ணை இறுக்க மூடியிருந்தாள். வியர்வை என் கன்னத்தில் சொட்டியது. எவ்வளவு நேரமாக அப்படி நின்றாளோ தெரியாது.

"இன்னாம்மே பண்ற?" என்றேன்.

"நீ தூங்குய்யா. வுழுந்தா எம்முதுகு மேல வுழட்டும்" என்றாள். "அன்னிக்கு நா பக்கத்துல இல்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை நாளும் அவள் தன் உயிருக்குப் பயந்து வெளியே இருக்கிறாள் என்று நினைத்திருந்தேனே, அந்த அறிவை என்ன சொல்வது? கேட்ட வரத்தைக் கொடுத்த ஆண்டவரிடம், வேண்டாம், எடுத்துக்கொள்ளும் என்று சொன்னேன். போர்வையைச் சுற்றிக்கொண்டு எழுந்து, அவள் தோளைப் பிடித்து, மழையில் கொல்லைக்கு நடந்தேன். தார்ப்பாய்க்குக் கீழே அவள் கட்டிலில் நெருக்கியடித்துப் படுத்துக்கொண்டோம். மாத்திரையோடு திரும்பிவந்த அண்ணன் எங்கள் இரண்டு பேரையும் பைத்தியம் என்று திட்டினார். காய்ச்சல் போக ரொம்ப நாள் ஆனது.

அதற்கப்புறம் நானும் வீட்டுக்குள் படுத்ததில்லை. இன்னொரு பழைய தார்ப்பாய் வாங்கி, சாக்கு ஊசியால் மடிப்புத் தையல் போட்டு முதலாவதோடு சேர்த்தேன். நான் கட்டிப் படுத்த ஒரே கூடாரத்துக்குப் போட்ட தையல் அது. இரண்டு கட்டிலுக்கு இடம் வந்தது. ஒரு புயல் வருஷம் கட்டி வைக்கவே முடியாமல், துணியை அவிழ்த்துத் தரையில் போட்டு, ஓரங்களை எங்களுக்குக் கீழேயே மடித்துக்கொண்டு, பார்சல் மாதிரி நடுவில் கிடந்தோம். காற்று ஊளையிட்டது. "துணிதானே?" என்று என் காதுக்குள் கத்தினாள். "மேல, கீழ எல்லாம் துணிதாம்மே" என்று நானும் கத்தினேன். வீட்டுக்குள் ஒரு நாற்காலி, ஒரு பீரோ, சுவரில் மாதா படம். எங்களுக்குப் பதிலாக அவைதான் வாடகை வீட்டில் சுகமாகக் குடியிருந்தன.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு சித்திரை மாதம், சாயங்காலம் மண்ணுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவள் சொம்போடு உட்கார்ந்தாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. கூடத்தில் கிடத்த வேண்டும் என்றார்கள் சொந்தக்காரர்கள். நான் விடவில்லை. வீட்டுக்காரம்மாவும் என் பக்கம் நின்று, "அது உள்ள வராதுப்பா, வுட்ருங்க" என்று சொல்லி அழுதாள். உயரத் தூக்கிய கத்திரிக் கட்டுக்குக் கீழே, தன் புடவைகளின் நிழலில்தான் அவள் கிடந்தாள்.

கல்லறைத் தோட்டத்தில், சுவரோரம் குழந்தைக்குப் பக்கத்திலேயே குழி வெட்டியிருந்தார்கள். பெட்டியை மூடும்போது நிறுத்துங்கள் என்று கத்த வேண்டும்போல இருந்தது. மூடாமல் எப்படி? மரம்தான், மரம்தான் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு நின்றேன். ஆணி அடிக்கும் சத்தம் இன்றைக்கும் கேட்கிறது.

கொஞ்ச நாள் கழித்து அண்ணன் வந்தார். வருஷப் பூசைக்குள் கல்லறை கட்டிவிட வேண்டும், சிமெண்டும் சிலுவையும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். வேண்டாம் என்றேன். எனக்குக் கஞ்சத்தனம் என்று நினைத்தாரோ என்னவோ, முகம் வாடிவிட்டது. அப்போதுதான், முப்பதாம் நாள் பூசையன்று இவள் சொன்னதை முதன்முதலாக அவரிடம் சொன்னேன். அவர் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். "இத்தினி வருசமா எங்கிட்ட ஏண்டா சொல்லல? பொட்டுக் கொழந்த மேல நானே போட்டுட்டனேடா" என்று அழுதார்.

மறுநாள் காலை அவரே கடப்பாரையோடு வந்துவிட்டார். குழி வெட்டுகிறவரும் நாங்கள் இரண்டு பேருமாகச் சேர்ந்து அந்தச் சின்னப் பலகையை நெம்பினோம். கீழே மண் வெளுத்துப்போய், ஒரு புல்கூட முளைக்காமல் இருந்தது. அண்ணன் பக்கத்திலிருந்து நல்ல மண்ணாக அள்ளி அதன் மேல் தூவினார். தாய்க்கும் பிள்ளைக்கும் இப்போது மண் மட்டும்தான்.

அந்த வருஷம் கல்லறைத் திருநாள் அன்றைக்கும் மழைதான். நவம்பர் இரண்டு என்றால் ஐப்பசி அடைமழை எங்கே போகும்? ஜனங்கள் வெள்ளையடித்த கல்லறைகள் மேல் குடையைப் பிடித்துக்கொண்டு, அணைந்த மெழுகுவர்த்தியைத் திரும்பத் திரும்பப் பற்ற வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஆட்டோவில் தார்ப்பாயும் சவுக்குக் கம்புகளும் கொண்டுபோயிருந்தேன். அண்ணன் கம்பைப் பிடித்துக்கொள்ள, வடகிழக்கே இறக்கி, மோடு உயர்த்தி, இரண்டு மேட்டுக்கும் சேர்த்து ஐப்பசிக் கட்டு கட்டினேன். சிலர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

உள்ளே பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, அண்ணனும் நானும் மண்ணில் உட்கார்ந்தோம். சுடர் ஆடாமல் நின்றது. மேலே மழை தடதடவென்று கொட்டியது. துணி ஊறிக் கறுத்துவிட்டது, ஆனால் ஒரு பொட்டுத் தண்ணீர் உள்ளே இறங்கவில்லை. அவள் போன பிறகு கட்டிய முதல் ஐப்பசிக் கட்டு. எங்கேயும் ஒழுகவில்லையே என்று நினைத்ததும் எனக்குத் தாங்கவில்லை. கையைத் தூக்கி, அவள் தலைமாட்டுக்கு நேர் மேலே துணியில் விரலை வைத்து அழுத்தினேன். அண்ணன் என்னைப் பார்த்தார். ஒரு சொட்டு திரண்டு, இறங்கி, மண்ணில் விழுந்தது. அப்புறம் இன்னொன்று.

"துணிதாம்மே" என்றேன்.